பின் சீட்டில் குழந்தை தூங்குகிறது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை வாண்டு, மாடியில் உன் அத்தை, நால்வரும் சுகம், சர்வீஸ் சென்டரில் நிற்கிற நம் கார் மட்டும் சுகமில்லை. நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உன் குரலிலேயே தெரிகிறது, ஆனால் உன் கார் சுகமா என்பதுதான் இப்போது என் கவலை. போனில் பேசியாயிற்றே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேற்று நான் 'வண்டியை எடுக்காதேடா, நான் சொல்ற வரைக்கும் அதைத் தொடவே தொடாதே' என்றேன். 'சரிம்மா, எடுக்கல' என்றாய். நீ அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உனக்குப் பின்னால் டிக் டிக் டிக் டிக் என்று இண்டிகேட்டர் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நம் வீட்டுக் காரும் அதுவும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷம், அந்த டிக் டிக் எனக்குத் தெரியாதா. எனக்கு இன்னும் காது மந்தமாகிற வயசு வரவில்லை ராஜா. உன்னை இருபதில் பெற்றவள் நான், உன் கல்லூரி விடுதிக் காவல்காரர் 'அக்கா வந்திருக்காங்க' என்று உனக்கு ஆள் அனுப்பியதை நீயே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அதனால் உன் 'சரிம்மா'வை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை, வாண்டுவைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏன் எடுக்கக் கூடாது என்று முழுக்கச் சொன்னால் நீ கேட்பாய், நீ காரணம் கேட்கிற பிள்ளை, மிரட்டினால் கேட்கிற பிள்ளை இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது.

முதலில் உன் அத்தையைப் பற்றி. அவளுடைய கால் விஷயமாக நம் வீட்டில் உள்ள கேலிகளை மூட்டை கட்டினால் டிக்கி கொள்ளாது. அத்தை பிரேக் போட்டால் வண்டி நின்றுவிட்டதா இல்லையா என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். 'இவ வண்டி ஓட்டறாளா, தொட்டில் ஆட்டறாளா' என்பார் அப்பா. பல் டாக்டர் இல்லையா, பல்லைப் பிடுங்கின பிறகும் 'எப்ப ஆரம்பிப்பீங்க' என்று கேட்கிற நோயாளிகளை வைத்திருக்கிறவள், கையில் இருக்கிற பதம் காலுக்கும் இறங்கிவிட்டது. ஆனால் அந்தக் கால் எங்கே பழகியது என்று எனக்குத்தான் தெரியும். வாண்டு பிறந்த புதிதில் அவள் அழுத அழுகை உனக்கும் ஞாபகம் இருக்கும், பரீட்சைக்குப் படிக்க முடியாமல் நீ பக்கத்து வீட்டுக்குப் புத்தகத்தோடு ஓடினாய். காரில் போட்டால் மட்டும் தூங்குவாள், கார் குலுங்கி நின்றால் விழித்துக்கொள்வாள், விழித்தால் மறுபடி முதலில் இருந்து. நான் கண் திறக்க முடியாமல் கிடந்த அந்த நாட்களில் உன் அத்தைதான் கிளினிக்கை மூடிவிட்டு வந்து குழந்தையைப் பின் சீட்டில் கட்டிப் படுக்க வைத்துத் தெருத்தெருவாகச் சுற்றினாள். பிரேக்கை எட்டத்திலேயே தொட்டு, பால் பொங்குகிறபோது தீயைக் குறைக்கிற மாதிரி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, குழந்தைக்குத் தெரியாமல் நிறுத்தக் கற்றாள். பிறகு நீ ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றபோது அப்பா கற்றுத் தந்தது பாதி நாள், நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் வீட்டுக்கு வந்தீர்கள். மிச்சம் முழுக்க அத்தைதான். அதனால் உன் காலும் அவள் கால். அப்பா உங்கள் இருவருக்கும் நத்தைக் கட்சி என்று பெயர் வைத்தார். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷன் வரைக்கும் நீதான் ஓட்டினாய், என் மடியில் மூடி இல்லாத டம்ளரில் வாண்டுவின் பால், ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றைக்கு அழுதுகொண்டே அதை நினைத்துப் பெருமைப்பட்டேன். இந்தக் கடிதத்துக்கு அந்தக் கால்தான் முக்கியம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வாண்டுவுக்குக் காய்ச்சல் வந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா, அதற்காக மறுபடி டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பினோம். அத்தை ஓட்டுகிறாள், நான் பக்கத்தில், வாண்டு பின்னால் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். பெரிய ஆஸ்பத்திரி மேட்டில் இருந்து இறங்குகிற சரிவு எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும், கீழே சிக்னல், சிக்னலில் மெத்தை ஏற்றிய லாரி நின்றுகொண்டிருந்தது. அத்தை வழக்கம்போல எட்டத்திலேயே பிரேக்கைத் தொட்டாள், வேகம் குறைந்தது, சரிதான் என்று நான் வாண்டுவைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது உன் அத்தை சொன்னாள், 'அண்ணி, பெடல் கீழே போகுது.' சத்தம் போடவில்லை. நோயாளியிடம் 'கொஞ்சம் வாயைப் பெரிசா திறங்க' என்று சொல்வாளே, அதே குரல். எனக்கு முதலில் புரியவே இல்லை. 'இன்னும் போகுது. பிடிக்கல. அண்ணி, நீங்க சும்மா உட்காருங்க' என்றாள். கார் இறங்குகிறது, லாரியின் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வருகிறது, கட்டி வைத்த மெத்தைகளில் ஒன்றில் பூப்போட்ட உறை கிழிந்து பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பஞ்சு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அவள் கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள், இன்ஜின் உறுமியது, ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கிளிக் கிளிக் என்று பல்லுப் பல்லாக இழுத்தாள், டயரை நடைபாதை ஓரத்துக் கல்லில் உரசவிட்டாள். நின்றுவிட்டது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பூனை நுழையலாம், நாய் நுழைய முடியாது. நான் திரும்பிப் பார்த்தால் வாண்டு வாயைப் பிளந்தபடி அப்படியே தூங்குகிறாள்! பிரேக்கே இல்லாத வண்டியைக்கூடக் குழந்தை விழிக்காமல் நிறுத்தியிருக்கிறாள் உன் அத்தை. என் பக்கம் இல்லாத பிரேக்கை நான் மிதித்த மிதியில் செருப்பு வார் அறுந்து கிடந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு 'உங்க பக்கம் மட்டும் பிரேக் நல்லா பிடிச்சிருக்கு அண்ணி' என்றாள். சிரித்துவிட்டாள், ஆனால் ஸ்டியரிங்கை விடாமல் வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

போன் செய்ததும் அப்பா ஓடி வந்தார். வந்தவர் காரில் ஏறி உட்கார்ந்து பெடலை ஓங்கி மிதித்தார், கல் மாதிரி நின்றது. இறங்கி வந்து 'பிரேக் நல்லாத்தானே இருக்கு' என்றார். உன் அப்பா பிரேக் போடுவதைத்தான் உனக்குத் தெரியுமே, கரப்பான் பூச்சியை மிதிக்கிற மாதிரி. சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கே ஓட்டிப் பார்க்கிறவர் ஒரு சுற்று வேகமாகப் போய்ச் சடாரென்று மிதித்து நிறுத்திக் காட்டினார், பிரேக் ஆயில் குறையவில்லை, எங்கேயும் ஒழுகவில்லை, எல்லாம் சரி என்றார்கள். மேனேஜர் நல்ல மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்கார வைத்து, 'கால்மிதி மேட் மடிஞ்சு பெடல்ல மாட்டியிருக்கும் மேடம், லேடீஸ் சில பேர் அழுத்தி மிதிக்க மாட்டாங்க' என்றார். எனக்கு வந்த கோபத்தில் படித்த படிப்பெல்லாம் மறந்துபோய்ச் சண்டை போட்டிருப்பேன், உன் அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவும் 'அவங்க சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு' என்றார். அன்றைக்கு இரவு அவர் தட்டில் தானே போட்டுச் சாப்பிட்டார் என்பதை மட்டும் எழுதுகிறேன். மறுபடி ஒரு தரம் கொண்டுபோனோம், மறுபடி அதே பதில், மேட்டை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். நான் அந்த வண்டியில் வாண்டுவை ஏற்றவில்லை. அத்தையும் ஓட்டவில்லை, ஆனால் யோசித்துக்கொண்டே இருந்தாள். அப்பா மட்டும் ஓட்டினார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எங்களுக்கு இன்னும் குழப்பம்.

அப்போதுதான் நீ போன் செய்தாய். ஆபீசில் புது மேம்பாலத்துக்கு நீ போட்ட வரைபடத்தைப் பெரியவர்கள் அப்படியே ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னாய், எனக்கு எவ்வளவு சந்தோஷம், அப்பா அதைப் பால்காரர் முதல் மாடிப்படி கழுவ வருகிறவர் வரைக்கும் சொல்லிவிட்டார். பேச்சோடு பேச்சாக நீ, 'என் வண்டி பெடல் கொஞ்ச நாளா பஞ்சு மாதிரி இருக்கும்மா, சர்வீஸ்ல காட்டினேன், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, எனக்கும் பழகிடுச்சு' என்றாய். பஞ்சு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அந்த லாரி மெத்தைதான் முன்னால் வந்து நின்றது. நீ தினமும் இறங்குகிற மேட்டுத் தெரு, கீழே பள்ளிக்கூடம், அங்கே குழந்தைகள் சாலையைக் கடக்கும்போது நீ எட்டத்திலேயே வேகத்தைக் குறைப்பாய் என்று நீயே சொன்னது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. போனை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அத்தை ஈரத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள், நீ சொன்னதைச் சொன்னேன், கையில் இருந்த தலையணை உறையைப் பிழிந்தபடியே நின்றுவிட்டாள். 'அவனுக்கும் என் கால்தானே அண்ணி' என்றாள். அன்றிலிருந்துதான் போனில் பேசுகிறபோதெல்லாம் வண்டியை எடுக்காதே என்கிறேன், நீயும் 'சரிம்மா' என்கிறாய்.

அங்கேதான் அவள் மூளை வேலை செய்தது. அந்த மாடல் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அப்பாவும் அதில் இருக்கிறார், டயர் எங்கே நல்லது, சீட் உறை எங்கே நல்லது என்று பேசுவார்கள். அதில் அங்கங்கே சிலர் பிரேக் கீழே போகிறது என்று எழுதியிருந்தார்கள், உடனே மற்றவர்கள் பாய்ந்து 'பிரேக்ல கோளாறு இல்ல சார், உங்க கால்ல கோளாறு', 'முதல்ல சைக்கிள் ஓட்டுங்க' என்றெல்லாம் நக்கல் அடித்து அவர்கள் வாயை மூடியிருந்தார்கள். அத்தை அப்பாவின் போனை வாங்கி, புகார் சொன்னவர்களை மட்டும் தேடித் தனித்தனியாகப் பேசினாள். எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி, எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று சர்வீஸ்காரர்கள் கேட்கிற எதையும் அவள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். 'அன்னிக்கு வண்டியில பின்னாடி என்ன வெச்சிருந்தீங்க?' எனக்கே இது என்ன கேள்வி என்று தோன்றியது. பதிலைக் கேள். ஒருவர் கேக் செய்து விற்கிறவர், கல்யாணத்துக்கு மூன்று அடுக்குக் கேக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு அம்மா வயலின் சொல்லித் தருகிறவர், பின் சீட் நிறைய வாத்தியங்கள். ஒருவர் இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார். கண்ணாடிச் சட்டம் போடுகிற கடைக்காரர், கண்ணாடி. ஒருவர் மீன் தொட்டியோடு வீடு மாறியிருக்கிறார், தண்ணீரோடு, மீன்களோடு! இன்னொருவர் வெட்கப்பட்டுக்கொண்டு, 'பின்னாடி என் மனைவி இருந்தாங்க டாக்டர், நிறைமாசம்' என்றாராம். எல்லோரும் உடையக்கூடாத ஒன்றைப் பின்னால் வைத்துக்கொண்டு பூ மாதிரி மிதித்தவர்கள். ஓங்கி மிதிக்கிறவன் ஒருவனுக்கும் இந்தக் கோளாறு வரவில்லை. நீ பொறியியல் படித்தவன், உனக்கு இந்நேரம் மயிர் சிலிர்த்திருக்கும். எனக்கு அன்றைக்கு அவளை இறுகக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன், 'அண்ணி, போன் விழுந்துடும், இது அண்ணனோடது' என்றாள்.

பிறகு அவள் கிளினிக்கில் இருந்து ஊசி இல்லாத ஒரு பழைய சிரிஞ்சைக் கொண்டுவந்தாள், உள்ளே ரப்பர் தேய்ந்துபோனது. சாப்பாட்டு மேஜையில் அப்பாவை உட்கார வைத்து, அதில் வாண்டுவின் சிவப்புச் சாயத் தண்ணீரை நிரப்பி, வாயை அடைத்துப் பிடித்து, மெதுவாக அழுத்தச் சொன்னாள். ரப்பரைத் தாண்டித் தண்ணீர் பின்பக்கம் கசிந்து வந்தது, தண்டு சும்மா உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மறுபடி நிரப்பி ஓங்கி அழுத்தச் சொன்னாள், அழுத்தின வேகத்தில் ரப்பர் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது, தண்டு நின்றுவிட்டது. பிரேக் பெடலுக்குப் பின்னால் இருக்கிற சிலிண்டருக்குள்ளும் இப்படி ஒரு ரப்பர்தான் இருக்கிறதாம், மெதுவாக மிதித்தால் ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவிவிடும், வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஆயில் அளவும் குறையாது, பெடல் மட்டும் கீழே போகும். ஓங்கி மிதித்தால் சமர்த்தாக வேலை செய்யும். சோதனை பண்ணுகிறவர்கள் எல்லோரும் ஓங்கித்தானே மிதிப்பார்கள், எப்படி அகப்படும்? அப்பா சிரிஞ்சை வாங்கி அவரே பல தரம் அழுத்திப் பார்த்தார், மேஜை விரிப்பு முழுக்கச் சிவப்பு, இன்னும் கறை போகவில்லை. கடைசியில் 'நீ டாக்டர்னு போர்டு போட்டிருக்கறதை இன்னிக்குத்தான் ஒத்துக்கறேன்' என்றார். அவர் வாயில் இருந்து அவ்வளவு வருவதே பெரிது. அவள் விடுவாளா, 'உன் கடைவாய்ப்பல் சொத்தையை ஒத்துக்கிட்டு என்னிக்கு வரப்போற, அதைச் சொல்லு' என்றாள்.

மறுபடி சர்வீஸ் சென்டர். இந்த முறை கேக்குக்காரரும் வயலின் டீச்சரும் அவரவர் வண்டியோடு கூட வந்தார்கள். டீச்சர் இரைந்து பேசக்கூடத் தெரியாதவர், கேக்குக்காரர் கதவைச் சாத்துவதையே சத்தமில்லாமல் சாத்துகிறார், இந்த மூன்று சாதுக்களையும் ஒன்றாகப் பார்த்து மேனேஜர் சற்று மிரண்டுதான் போனார். ஓட்டிப் பார்க்கிறவர் சாவிக்குக் கை நீட்டினார், அத்தை கொடுக்கவில்லை. மேனேஜரிடமே நீட்டி, 'சார், நீங்களே ஓட்டுங்க. இந்தக் காலி முற்றத்துக்குள்ள, நடக்கற வேகத்துல போனா போதும். ஒண்ணே ஒண்ணு, பின்னாடி சீட்டுல குழந்தை தூங்குதுன்னு நினைச்சு மிதிங்க' என்றாள். அவர் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். வண்டி ஊர்ந்தது. முற்றத்தின் அந்தக் கோடியில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து மெதுவாகப் போகிறார், மெதுவாகக் காலை வைக்கிறார், பிரேக் விளக்கு எரிகிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. அப்படியே போய் டயர் அடுக்கில் மெத்தென்று சாய்ந்தது, மேலே இருந்த டயர் ஒன்று பானெட்டில் விழுந்து உருண்டு எங்கள் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் இறங்கவே இல்லை, உள்ளேயே உட்கார்ந்து பின் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, 'என் வீட்டுக்காரியும் இதே வண்டிதான் ஓட்டறா மேடம். பெடல் இறங்குதுன்னு அவளும் சொன்னா. ஒழுங்கா அழுத்துன்னு நான்தான் திட்டினேன்' என்றார். முதலில் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார், எங்கள் எதிரிலேயே, வண்டியை எடுக்காதே என்று. அப்புறம்தான் கம்பெனிக்குப் பேசினார். அந்த மனுஷர் மேல் இருந்த என் கோபமெல்லாம் அந்த ஒரு போனில் போய்விட்டது. மூன்று வண்டிகளையும் அங்கேயே நிறுத்திக்கொண்டு, சிலிண்டரைக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்பினார், மேலே இருப்பவர்கள் மேட் கதையை ஆரம்பித்தபோது 'நானே மிதிச்சேன் சார், எனக்கே இறங்கிச்சு' என்று சண்டை போட்டாராம். இப்போது கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது. அந்த வருஷத்து வண்டிகளில் போட்ட ரப்பர் சரியில்லை, எல்லோருக்கும் மாற்றித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஊர் ஊராகத் தகவல் போய், பொருள் போய்ச் சேர நாளாகும். உங்கள் ஊரில் இன்னும் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நீயும் அதை நம்பிக்கொண்டு இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிக்கொண்டிருப்பாய். இப்போது புரிகிறதா, அம்மா ஏன் நடுங்குகிறேன் என்று? அப்பா மாதிரி மிதிக்கிறவனாக நீ இருந்திருந்தால் நான் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீ பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பூ மாதிரி மிதிக்கிறவன்.

இதுவரைக்கும் எழுதி மேஜையிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் உன் அத்தை காபிக்கு இறங்கி வந்தவள், 'என்ன அண்ணி, பரீட்சை எழுதினீங்களா' என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன், இண்டிகேட்டர் சத்தத்தையும் சொன்னேன். காபியை அப்படியே வைத்துவிட்டு இந்தத் தாள்களை எடுத்து அடுக்கினாள். 'இதைத் தபால்ல போட்டு, அது போய்ச் சேர்ந்து, அவன் படிச்சு… அதுக்குள்ள அந்த மேட்டுல எத்தனை தடவை இறங்குவான்? கொடுங்க, நானே கொண்டுபோறேன்' என்றாள். நான் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உதவியாளரைக் கூப்பிட்டுக் கிளினிக்குக்கு வர இருந்தவர்களை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, மத்தியான ரயிலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டாள், மாடியில் பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கிறது. வாண்டு தன் ஆடுகிற பல்லை யார் பார்த்துக்கொள்வது என்று அழுதாள், அத்தை 'எங்க காட்டு' என்று வாய்க்குள் விரலை விட்டாள், பல் அவள் உள்ளங்கையில் இருந்தது, இவள் இன்னும் 'ஆ' என்று திறந்தபடி நிற்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தின் மிச்சத்தை அவசரமாக எழுதுகிறேன். நீ இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள், உன் அறை எவ்வளவு குப்பையாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு.

சாவியை அவளிடம் கொடு. முதலில் அதைச் செய், பிறகு மேலே படி. கொடுத்துவிட்டாயா? சரி. நாளைக்கு உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் ஆளையே வரச் சொல்லி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல், நீங்கள் யாரும் அதை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, அங்கே அந்த மேனேஜரிடம் பேச வேண்டியதை உன் அத்தை பேசிக்கொள்வாள். இந்த ஊர் மேனேஜரின் போன் எண்ணும் அவளிடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொன்னார். பொருள் வருகிற வரைக்கும் பஸ்ஸில் போ, கூட்டமாக இருக்கிறது, சட்டை கசங்குகிறது என்று சொல்லாதே, மேம்பாலம் வரைகிறவன் கசங்கின சட்டையோடு போனால் பாலம் இடிந்துவிடாது. என்றைக்காவது எந்த வண்டியிலாவது பெடல் கீழே போனால் காலை எடுத்துவிட்டு மறுபடி ஓங்கி ஓங்கி மிதி, கியரை இறக்கு, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழு, அத்தை உனக்குச் செய்து காட்டுவாள், வண்டியில் வேண்டாம், நாற்காலியில். அவளுக்கு முதுகு வலி இருக்கிறது, உன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீ கீழே படுத்துக்கொள். அவள் கொண்டுவருகிற பையில் உனக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறது, நீலம், நான் பின்னியது, ஒரு கை சற்று நீளமாகப் போய்விட்டது, மடித்துவிட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு. வேலைக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு கொடு. அப்பாவும் ஒரு சேதி சொல்லச் சொன்னார், இப்போது அவர் என் தம்பியிடம் இரவல் வாங்கின வண்டியைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பழகுகிறார், மெதுவாக மிதிக்க. நேற்று முட்டை அட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய் வந்தார், பாதிக்கு மேல் முழுசாக வீடு வந்து சேர்ந்தது, உடைந்ததை எல்லாம் இரவு ஆம்லெட் போட்டோம். நத்தைக் கட்சியில் சேர மனு போட்டிருக்கிறாராம், தலைவியும் நீயும் பார்த்து முடிவு சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் நான் சொல்ல வந்ததே. எனக்குப் பயம் வந்த அன்று முதலில் தோன்றியது, இனிமேல் எப்போதும் ஓங்கியே மிதி, அப்பா மாதிரி ஓட்டு என்று உன்னிடம் சத்தியம் வாங்க வேண்டும் என்றுதான். இப்போது அப்படித் தோன்றவில்லை. சர்வீஸ்காரர்கள் சரியில்லை என்று சொன்ன அந்தக் கால்தான் கோளாறைக் கண்டுபிடித்தது. நிறைமாசக்காரியைக் கூட்டிப்போகிறவனும் மீன் தொட்டியோடு வீடு மாறுகிறவனும் நம்பி ஓட்ட முடியாத வண்டிதான் மாற வேண்டும், அவர்கள் மாற வேண்டியதில்லை. அதனால் ரப்பரை மாற்றிக் கொடுத்த பிறகு, உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சரி என்று சொன்ன பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நீ இதுவரை எப்படி மிதித்தாயோ அப்படியே மிதி. காலை மட்டும் மாற்றிக்கொள்ளாதே ராஜா.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், போகிற வழியெல்லாம் நல்ல வழியாகவே அமையட்டும், நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இரு. அத்தை வந்து சேர்ந்ததும் அவள் போனில் இருந்தே பேசு, 'சரிம்மா' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. பின்னால் எந்தச் சத்தமும் இல்லாமல் இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எந்தக் காரிலும் பக்கத்துச் சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்,
உன் அம்மா